மேஸ்திரி கன்னத்தில் ஒரு சாம்பிள்

டார்ச்சைச் சுவரோடு சுவராக ஒட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் நீளவாக்கில் பார்க்கிறார் பெயிண்ட் மேஸ்திரி. நேரே நின்று பார்த்தால் வழவழவென்று இருக்கிற சுவர், வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் மேடும் பள்ளமுமாக மாட்டிக்கொண்டு முழிக்கிறது. "இங்க ஒரு குழி. அங்க ஒரு திட்டு. பட்டி பூசுன மகராசன் யாருய்யா? கண்ணை வீட்டுலயே வச்சுட்டு வந்தியா?" ஆட்கள் இருவரும் முணுமுணுத்துக்கொண்டே உப்புத்தாளை எடுத்து மறுபடி தேய்க்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'டார்ச் மேஸ்திரி' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

சுவருக்கு இத்தனை சட்டம் பேசுகிறவரின் முகத்தை முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு. வாலிபத்தில் வந்த பருக்கள் சும்மா போகாமல் இரண்டு கன்னத்தையும் குடைந்து வைத்துவிட்டுப் போயின. தூசிக்குப் போடுகிற துணி முகமூடி அவருக்கு வசதியான சாக்கு. வேலை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தாலும் கழற்ற மாட்டார். லேசாகத் தூக்கி, ஒரு வாய் உறிஞ்சி, இறக்கிவிடுவார். வீட்டில் அதைக் கழற்றிவிடுவார், ஆனால் காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டதும் அதே டார்ச்சை எடுத்துக் கன்னத்தில் ஒட்டிப் பிடித்துக் கண்ணாடி பார்ப்பார். "உள்ளேயே குடியேறிட்டீங்களா?" என்று மனைவி கதவைத் தட்டும்வரை பார்ப்பார். அந்த வெளிச்சத்தில் தெரிகிற முகம்தான் தன் முகம் என்று சத்தியமாக நம்பிக்கொண்டிருந்தார்.

மகளுக்குத் தொலைவில் வேலை. வாராவாரம் வீடியோவில் கூப்பிடுவாள். இவர் போனை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து பேசுவார். அவளுக்குத் தெரிவதெல்லாம் மேற்கூரை. "அப்பா, நான் உங்ககிட்ட பேசுறேனா, ஃபேன்கிட்ட பேசுறேனா?"

"ஃபேனுக்கு என்னம்மா குறை? நேத்துதான் தொடச்சேன்."

இப்படியே கேலியில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவள் சிரிக்கவில்லை. "உங்க முகத்தைப் பாத்து எவ்ளோ நாளாச்சுன்னு தெரியுமாப்பா?" என்று கேட்டவள், குரல் உடைந்து போனை வைத்துவிட்டாள். மேஸ்திரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. எப்படியாவது முகத்தைச் சரி பண்ணிவிட்டுத்தான் அவளுக்குக் காட்டுவது என்று முடிவு கட்டிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் மனைவி மகளுக்குத் துணையாகக் கிளம்பிப் போனாள். சில மாதம் கழித்துத்தான் வருவாள். நல்ல நேரம் பார்த்து, யாரிடமும் மூச்சு விடாமல், தோல் டாக்டரம்மாவிடம் போனார் மேஸ்திரி. லேசர் வைத்தால் முகம் வழவழப்பாகும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். வீட்டுக்காரர்கள் அவரிடம் எப்போதும் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் முதலில் கேட்டார்.

"எத்தனை வருசம் தாங்கும்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "குழி நிரம்புனா திரும்பக் குழியாகாது. ஆனா எல்லாம் நிரம்பாது, பாதி வந்தாலே நல்லதுன்னு வச்சுக்குங்க. புதுத் தோல் மெதுவாத்தான் வளரும். நம்ம மாதிரி கறுத்த தோல்ல சில சமயம் கறுப்பாத் திட்டு விழும், மங்குறதுக்கு நாளாகும். அதுவரைக்கும் வெயில் ஆகாது."

"நான் சாரத்துல ஏறி வெயில்லயே நிக்கிற ஆளு டாக்டரம்மா." மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "அப்ப ஒரு ஓரமா சாம்பிள் அடிச்சுப் பாத்துரலாமா?"

"அதைத்தான் நானே சொல்ல வந்தேன்" என்றார் டாக்டரம்மா.

இடது கன்னத்தில், காதோரமாக, கட்டைவிரல் அகலத்துக்கு லேசர் வைத்தார்கள். அந்த இடம் சிவந்தது, பொருக்குத் தட்டியது, உரிந்தது. பிறகு அடுப்புக்கரி அப்பினாற்போலக் கறுத்தது. மனுசன் ஆடிப்போய்விட்டார். 'போச்சு! இருந்ததையும் கெடுத்துக்கிட்டேன்' என்று புலம்பாத நாளில்லை. வெளிச்சுவர் வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு நிழலிலேயே கிடந்தார். டாக்டரம்மா கொடுத்த களிம்பை மறக்காமல் பூசினார். வீடியோவில் வழக்கம்போல ஃபேனையே காட்டிக்கொண்டிருந்தார்.

கறுப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. ஒரு காலையில் டார்ச் பிடித்துப் பார்த்தால் சுத்தமாகக் காணோம்! போன உயிர் திரும்பி வந்தது. கூடவே குழிகளும் ஆழம் குறைந்திருந்தன. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை. முகம் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை தட்டிவிட்டது. அந்த நேரத்தில்தான் மனைவி திரும்பி வந்தாள்.

"இந்தா, என் முகத்துல ஒரு எடத்துல வேலை நடந்திருக்கு. எங்கன்னு சொல்லு பாப்போம்" என்று ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு வெகு நிச்சயமாக வலது கன்னத்தைத் தொட்டாள். "இதானே? பாத்தாலே தெரியுதே!"

மேஸ்திரி ஓடிப்போய் டார்ச்சை எடுத்து வந்து இடது கன்னத்தில் ஒட்டிப் பிடித்தார். "அடியே, இங்க பாரு!"

அவள் டார்ச்சைப் பிடுங்கினாள். "ஏங்க, இத்தனை வருசமா நான் உங்களை டார்ச் அடிச்சா பாத்துக்கிட்டிருக்கேன்? உங்களுக்கு வேற வேலை இல்லையா?" கடுப்பில் அதைத் தன் கன்னத்தில் வைத்துக் காட்டினாள். அவள் முகமும் மேடும் பள்ளமுமாகத்தான் இருந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது மேஸ்திரிக்கு நெஞ்சில் இருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்தாற்போல இருந்தது. மறுபடி கறுக்குமோ என்று பயப்பட வேண்டாம், மாதக்கணக்கில் நிழலில் பதுங்க வேண்டாம். அப்பாடா!

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். "உங்க வேலையில ஒரு குறை சொல்ல முடியாதும்மா. ஆனா வீட்டுக்காரிக்கு எந்தச் சுவருன்னே தெரியலை. அதனால இதோட போதும்."

"சந்தோசம். தொப்பியையும் களிம்பையும் மட்டும் விட்டுறாதீங்க" என்றார் அவர்.

அந்த வாரம் மகள் கூப்பிட்டாள். வழக்கம்போல ஃபேன் தெரிந்திருக்கும். அம்மா விஷயத்தைச் சொல்லியிருந்தாள் போல. "எந்தப் பக்கம்பா வச்சாங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்த மேஸ்திரி முகமூடியைக் கழற்றி மடியில் போட்டார். போனைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். முதலில் ஒரு கன்னத்தைக் காட்டினார், பிறகு மறு கன்னத்தைக் காட்டினார். கடைசியில் போனை நேருக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"அவசரமில்லை, நிதானமாப் பாத்துச் சொல்லு" என்றார்.