பந்தி வாசலில் அப்பாவின் குரல்

தங்கையின் கல்யாண வீடியோவில் அப்பா வாயை அசைப்பார். கேட்பதோ ஒரு சினிமாப் பாடகியின் குரல். எங்கள் பக்கத்து வீடியோக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. யார் பேசினாலும், சிரித்தாலும், மூக்கைச் சிந்தி அழுதாலும் அந்தச் சத்தத்தை வழித்து எறிந்துவிட்டு, பெண்ணழைப்பிலிருந்து பந்தி வரைக்கும் பாட்டை ஊற்றிவிடுவார்கள். அன்று நாங்களும் நன்றாகத்தான் இருக்கிறது என்று வாங்கி வைத்துக்கொண்டோம்.

அதன் பிறகு அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. உயிரைக் காப்பாற்றக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். விழுப்புரத்தில் எங்கள் தெருவையே அதட்டி எழுப்பிய மனிதர், இப்போது கை தட்டித்தான் கூப்பிடுகிறார். முன்பும் போனில் பேசுவாரே தவிர, குரலைப் பதிந்து அனுப்பும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை. வீட்டில் ஒருவர் போனிலும் அவர் குரல் இல்லை. எனக்கு அது தாங்கவில்லை. எங்கேயாவது இருந்தால் எடுத்தே தீருவது என்று நான் குடியிருக்கும் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி, கல்யாண வீடியோ எடுத்த விழுப்புரம் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"ஒரிஜினலெல்லாம் அப்பவே அழிச்சிட்டோம்க்கா. கல்யாணத்த நெட்டுல லைவ் வுட்டோமே, அந்த டப்பாவுல மட்டும் ஒரு ஃபைல் கெடக்குது. ஆனா ஓப்பனே ஆவல. நடுவுல கரண்டு போய் ஜெனரேட்டர் போட்டாங்கல்ல, அதுல பேஜாராயிடுச்சு" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"அப்பா பேசினதயெல்லாம் எடுத்துட்டு ஏன் பாட்டு போட்டீங்க?"

"அப்பதான்க்கா கிராண்டா இருக்கும்."

பல்லைக் கடித்துக்கொண்டு ஃபைலைப் பென்டிரைவில் வாங்கினேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் ஊர்ந்தபோது பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. அதனால் ஃபைலின் உள்ளமைப்பு எனக்குப் புரிந்தது. விழுப்புரம் ஜங்ஷனில் கடந்து போகும் கூட்ஸ் வண்டி மாதிரிதான் அதுவும். எல்லாப் பெட்டியும் ஒரே நீளம். பாக்கெட் என்போம். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரே அடையாள எழுத்து. அதை அடுத்து உள்ளே இருப்பது படமா ஒலியா என்று சொல்லும் எண். ஒலிப் பெட்டிகளை மட்டும் கழற்றி, தலைப்பகுதியை நீக்கி, வரிசையாகக் கோத்து டிகோடரிடம் கொடுத்தால் அது ஒலியாக்கித் தரும். கரண்டு போன இடத்தில் டப்பா குப்பையை எழுதிவைத்திருந்தது. அதில் இடறித்தான் பிளேயர்களெல்லாம் கைவிரித்திருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலை நிரல் எழுதி ஓட்டினேன். காது கிழியும் இரைச்சல் வந்தது. அடையாள எழுத்தைக் கண்ட இடமெல்லாம் பெட்டி தொடங்குகிறது என்று நம்பிவிட்டேன். குப்பைக்குள்ளும் அதே எழுத்து தற்செயலாக வரும் என்பது உறைக்கவில்லை. சரியாக ஒரு பெட்டி நீளம் தள்ளிப் பார்த்து, அங்கேயும் அதே எழுத்து இருந்தால் மட்டும் எடு, இல்லையென்றால் நகர்ந்து தேடு என்று மாற்றினேன். அதுவும் சரிவரவில்லை. மறுபடி மாற்றினேன்.

அம்மா போன் செய்தாள். "சோறு தின்னியா இல்லியா? அந்த மனுஷனே கம்முனு கீறாரு, நீ இன்னாத்துக்கு மல்லுக்கட்டிக்கினு கீற?"

"அவரு கம்முனு கீறாரேன்னுதாம்மா" என்று போனை வைத்தேன்.

மத்தியானம் மேளச் சத்தம் வந்தது. பிறகு பாத்திரம் உருளும் ஓசை. அதற்கு மேலே அப்பா. "யோவ், கடசி எலைக்கு ரசம் போவல பாரு. வாங்க, வாங்க. யாரும்..." அங்கே ஓர் இடைவெளி. உடனே மறுபடியும்: "...போவக் கூடாது, சொல்லிட்டேன்." நடுவில் சில பெட்டிகள் தொலைந்தே போயிருந்தன. எவ்வளவு தோண்டியும் கிடைக்கவில்லை. நான் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வாரம் விழுப்புரம் போய், ரசத்துக்கு அதட்டியதை வெட்டிவிட்டு 'வாங்க'விலிருந்து அப்பாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டார். முழுசும் போடு என்று சைகை காட்டினார். போட்டேன். ரசம் வந்ததும் தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்புக்கும் சத்தமில்லை. பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் அவரைப் பார்க்க வந்தார். சற்று நேரம் தானே பேசிவிட்டு, பேச்சு தீர்ந்ததும் எழுந்தார். அப்பா வேகமாகக் கை தட்டினார். போனை எடுத்து, உயர்த்திப் பிடித்து, அழுத்தினார்.

"யோவ், கடசி எலைக்கு ரசம் போவல பாரு. வாங்க, வாங்க. யாரும்..."

அந்த இடைவெளியில் அப்பா ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், கையை விரித்து ஆட்டினார்.

"...போவக் கூடாது, சொல்லிட்டேன்."

வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா ரசத்தைச் சுட வைக்கப் போனாள்.