தண்ணீர் திறக்காத காலைகள்

முதலில் நின்றுபோனது என் வலது கால். பேன்ட்டில் இடது காலை நுழைத்துவிட்டேன். அடுத்து வலது கால். அது ஏன் அவசியம் என்று தோன்றவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மனைவி செல்வி வந்து பார்த்தபோது மணி ஒன்பது. ஆறு மணிக்கே நான் தண்ணீர் திறந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீராம்புரத்தில் எனக்கு வால்வு திறக்கும் வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள், தெருமுனைக் குழிக்குள் நீளச் சாவியை இறக்கித் திருகினால் நான்கு சந்துகளுக்குத் தண்ணீர் வரும். பன்னிரண்டு வருடம் ஒருநாளும் தவறியதில்லை.

அதன் பிறகு பல நாட்கள் தவறின. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சோற்றைப் பிசைய வேண்டுமே என்று மலைப்பாக இருக்கும். குளிக்கப் போனால் முதல் சொம்புத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பேன். வெளியே பெண்கள் காலிக் குடங்களை நகர்த்தும் சத்தம் கேட்கும். எனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று தெரியும். தெரிவதற்கும் எழுவதற்கும் நடுவே எதுவோ அறுந்துபோயிருந்தது.

பிறகு செல்வியே சாவியை எடுத்துக்கொண்டு போனாள். சோம்பேறி, குடிகாரன் என்று சந்தில் பேசிக்கொண்டதை அவள் என்னிடம் சொல்லவில்லை. படுத்த இடத்திலிருந்தே எனக்குக் கேட்டது. குடித்திருந்தால்கூடத் தேவலை, ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

இரண்டாம் மாதம் அவள் என்னை மனநல மருத்துவமனைக்கு ஆட்டோவில் கூட்டிப்போனாள். மருத்துவர் கன்னடம் கலந்த தமிழில் நிதானமாக விசாரித்தார். கடைசியாக, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்டார்.

"சாகறதுக்கும் எழுந்திருக்கணுமே, டாக்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. இது டிப்ரஷன் (மனச்சோர்வு நோய்), சோம்பல் இல்லை என்றார். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்றார். பிறகு செல்வியின் பக்கம் திரும்பினார்.

"சிலபேருக்கு உடம்பு மொதல்ல எழுந்துக்கும்மா. மனசு அப்புறம்தான் வரும். ஸ்வல்ப நாள் இவர தனியா விடாதீங்க."

அன்றே சாவியைப் பக்கத்துப் பகுதி வால்வுக்காரரிடம் கொடுத்துவிட்டாள்.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம் ஒரு காலை நானே எழுந்தேன். குளித்தேன். தலை சீவினேன். செல்வி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"எங்க போறீங்க?"

"சும்மா, நடந்துட்டு வரேன்."

"நானும் வரேன்."

தெருக்கோடி வரை போய்த் திரும்பினோம். வழி முழுதும் என் மணிக்கட்டை அவள் விடவில்லை. அன்று நான் உண்மையில் எங்கே கிளம்பினேன் என்று அதற்குப் பிறகு இன்றுவரை அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

உங்கள் வீட்டில் இப்படிப் படுத்திருந்தவர் திடீரென்று எழுந்து தலை சீவிக்கொண்டால், சந்தோஷப்படுங்கள். கூடவே நடங்கள்.

ஏழாம் மாதம் வேலைக்குத் திரும்பினேன். உடம்பு இப்போது சொன்னபடி கேட்கிறது. ஆனால் கேட்பதற்கு முன் ஒரு கணம் யோசிக்கிறது. அந்தக் கணம் எனக்குப் பயமாக இருக்கிறது.

வேலைக்குத் திரும்பிய அந்த வாரம், இரண்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் எதற்கோ சிரித்தாள். முன்பல் இரண்டும் புதிதாக முளைத்திருந்தன. பால்பல் எப்போது விழுந்தது என்று கேட்டேன்.

"நீ படுத்துக்கினு இருந்தப்போப்பா. உன் கையிலதான குடுத்தேன்" என்றாள்.

உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன்.