சூடமும் பச்சைத் தண்ணியும்

“சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும் எசமான். அப்புறம் கெணத்துல பாதி அவனுக்குன்னு நான் எழுதிக் கொடுத்துடுதேன்.”

இப்படிச் சொன்னவர் பிரதிவாதி சுடலைமுத்து. நான் அப்போது தாமிரபரணிக் கரையில் இருந்த ஒரு முன்சீப் கோர்ட்டில் மொழிபெயர்ப்புக் குமாஸ்தா. எங்கள் முன்சீப் கோதாவரிப் பக்கத்துக்காரர். நெல்லைத் தமிழ் அவருக்கு ஓடாது. சாட்சி வாயில் வருவதை இங்கிலீஷில் சொல்ல வேண்டியது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வழக்கு இதுதான். திசையன்விளைக்குத் தெற்கே, செம்மண் காட்டில், அண்ணன் தம்பிக்குப் பொதுவாக, மாடு கட்டி இறைக்கிற ஒரு கமலைக் கிணறு. தம்பி இசக்கிமுத்து வேதத்துக்குப் போய், ஞானஸ்நானம் வாங்கி, யேசுவடியான் என்று பேரையும் மாற்றிக்கொண்டான். அன்றையிலிருந்து அண்ணன் அவனுக்கு நீர்முறை விடவில்லை. மிளகாய்ச் செடி கருகிக்கொண்டிருந்தது. அந்த மகசூல் போனால் பெண்டாட்டி பிள்ளைகளோடு இலங்கைத் தோட்டத்துக்குக் கூலிக்குக் கப்பலேற வேண்டியதுதான். அதனால் பிராது போட்டிருந்தான்.

மதம் மாறினால் சொத்துரிமை போகாது என்று சர்க்கார் எப்போதோ சட்டம் போட்டுவிட்டது. அது அண்ணனுடைய வக்கீலுக்கும் தெரியும். அதனால் அவர் வேறு வழி பிடித்தார். ‘மதத்துக்காக நாங்கள் தண்ணீரை நிறுத்தவில்லை. வீட்டை விட்டுப் போகும்போது வாதியே தண்ணீர் வேண்டாம் என்று வாயால் விட்டுக்கொடுத்துவிட்டார்’ என்பது அவர் கட்சி. சாட்சி கிடையாது, பத்திரம் கிடையாது. அந்த இடத்தில்தான் சுடலைமுத்து சூடத்துப் பேச்சை எடுத்தார். குலசாமி சாஸ்தா கோயிலில் தம்பி சூடம் ஏற்றி, ‘நான் தண்ணியை விட்டுக்கொடுக்கலை’ என்று சொல்லி அணைத்துவிட்டால் போதும், வழக்கு முடிந்தது. அந்தக் காலப் பிரமாணச் சட்டத்தில் இதற்கு இடம் இருந்தது. ஒரு கட்சி இப்படிக் கேட்டு, மறு கட்சி ஒத்துக்கொண்டு சத்தியம் செய்துவிட்டால் அதுவே முடிந்த முடிவு.

“அவர் இப்போது கிறிஸ்தவர். சாஸ்தாவுக்குப் பயப்படுவாரா?” என்று முன்சீப் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“இவன் சாமியை விட்டாலும் சாமி இவனை விடாது எசமான்” என்றார் சுடலைமுத்து.

தம்பிக்கு ஆஜரானவர் ஆழ்வார்திருநகரி ஐயங்கார் ஒருவர். பன்னிரண்டு திருமண் இட்ட மேனியோடு ஒரு வேதக்காரனுக்காக வாதாட வந்தவர். மதமும் ராஜாங்கமும் எந்த இடத்தில் பிரிய வேண்டும் என்பதைப் பற்றி மதராஸ் சட்டப் பத்திரிகைகளுக்கு இங்கிலீஷில் கட்டுரை எழுதுவார். “ராஜாங்கத்துக்கு நாமமும் கிடையாது, திருநீறும் கிடையாது, சிலுவையும் கிடையாது ஓய்” என்று வராந்தாவில் அகப்படுகிறவரை எல்லாம் பிடித்துச் சொல்லுவார். கிறிஸ்தவனைச் சாஸ்தா கோயில் வாசலுக்கு அனுப்பச் சர்க்கார் கோர்ட்டுக்கு என்ன அதிகாரம் என்று கேட்கத் தீர்ப்புப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார்.

முன்சீப் கையமர்த்தினார். “கேட்டுப் பார்க்கச் சட்டம் எனக்கு இடம் தருகிறது. கட்டாயப்படுத்த இடம் தரவில்லை. அவரையே கேட்போம்.”

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நம்பாதவனுக்குச் சூடம் வெறும் சூடம். உள்ளங்கையால் ஒரு தட்டு. கிணறு கைக்கு வந்துவிடும். மாட்டேன் என்று சொன்னாலும், விக்கிரகம் எங்களுக்குப் பாவம் என்றுதான் சொல்லப்போகிறான் என்று இங்கிலீஷைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

யேசுவடியான் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பையப் பேசினான். “மாட்டேன் எசமான். அண்ணன் அந்தச் சூடத்தை நம்புதான். நான் நம்பலை. நான் பொய் சொல்லி அணைச்சாலும் எனக்குக் கை நடுங்காது. அவன் பயப்படுத சாமியை வச்சு அவனையே ஏமாத்துனது மாதிரி ஆயிடும். அது வேண்டாம். எங்க வேதத்துல கை வச்சுச் சத்தியம் பண்ணிட்டுத்தான் கூண்டுல ஏறியிருக்கேன். கேளுங்க, உள்ளதைச் சொல்லுதேன்.”

நான் தயாராக வைத்திருந்த இங்கிலீஷ் உதவவில்லை. அவன் சொன்னதை ஒவ்வொரு வாக்கியமாகத் தேடித்தான் சொன்னேன். ஐயங்கார் விரித்த புத்தகத்தை மூடிக் கையில் வைத்துக்கொண்டார்.

“தண்ணீர் வேண்டாம் என்று சொன்னீரா?” என்று முன்சீப் கேட்டார்.

“சொன்னேன் எசமான்.”

ஐயங்கார் தொப்பென்று உட்கார்ந்தார். அவனே ஒத்துக்கொள்ளாவிட்டால் யாராலும் நிரூபிக்க முடியாத வார்த்தை. அதைத் தன் வாயாலேயே கூண்டில் வைத்துவிட்டான்.

“என்ன வார்த்தை சொன்னீர்? அப்படியே சொல்லும்.”

“வேதத்துக்குப் போகாதலேன்னு அண்ணன் செவுட்டுல அடிச்சான். ‘இனி ஒன் வீட்டுப் பச்சைத் தண்ணி எனக்கு வேண்டாம்’னு சொல்லிட்டு வெளிய இறங்குனேன்.”

சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் வைத்தேன். முன்சீப் பேனாவை எடுத்தார். அந்த வாக்கியம் இங்கிலீஷில் தண்ணீரைத் துறந்த வாக்கியமேதான். அவர் அதை எழுதிவிட்டால் பிராது தள்ளுபடி. நம் ஊரில் எந்தப் பிள்ளை கோபித்துக்கொண்டு படி இறங்கினாலும் சொல்லுகிற பேச்சு அது. அதில் தண்ணீரும் இல்லை, கிணறும் இல்லை. எழுந்து நின்று, “இது வழக்குச் சொல், இதற்கு வேறு அர்த்தம் உண்டு” என்றேன். எதிர் வக்கீல் என் மேல் பாய்ந்தார். மொழிபெயர்ப்புக் குமாஸ்தா சாட்சி சொல்லலாமா என்று சத்தம் போட்டார். நியாயமான ஆட்சேபணைதான்.

முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு சுடலைமுத்துவிடம் திரும்பினார். “நீர் சொல்லும். அந்தப் பேச்சுக்கு உங்கள் ஊரில் என்ன அர்த்தம்?”

சுடலைமுத்துவின் வக்கீல் அவர் முகத்தையே பார்த்தார். ‘தண்ணி என்றால் தண்ணிதான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கிணறு முழுக்க அவருடையது. அவரோ தம்பியைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அறுபது வயது மனுஷர் தேம்பினார்.

“வீட்டோட ஒறவு வேண்டாம்னு அர்த்தம் எசமான். கெணத்தைச் சொல்லலை. பொய் சொல்ல நெனச்சிருந்தா இந்நேரம் சூடத்தை அணைச்சிட்டுப் போயிருப்பானே! என் சாமிக்கு நானே இம்புட்டு மரியாதை கொடுத்தது இல்லையே.”

கிணறு இருவருக்கும் சரிபாதி என்று ராஜி எழுதப்பட்டது. முன்சீப் எழுந்து போகிறபோது என்னிடம், “இந்த அறையில் இன்றைக்கு நான் மட்டும்தான் சின்ன மனுஷன்” என்றார். எனக்கும் என்னைப் பற்றி அப்படித்தான் தோன்றியது.

ஐயங்கார் வராந்தாவில் தனியாக நின்றுகொண்டிருந்தார். “மாட்டேன்னு சொல்ற சுதந்திரத்துக்குத்தான் ஓய் இத்தனை வருஷமா சட்டம் தேடிண்டிருந்தேன். அதை அடுத்தவன் சாமிக்காக ஒருத்தன் உபயோகப்படுத்துவான்னு எனக்குத் தோணவே இல்லை” என்றார்.

கோர்ட்டு உத்தியோகத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். சாட்சி சொல்லுகிற வார்த்தை அகராதியில் மட்டும் இருப்பதில்லை. அவன் வீட்டிலும் இருக்கும். அங்கே போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அவன் எந்தச் சாமிக்குப் பயப்படுகிறான் என்பது கோர்ட்டுக்கு வேண்டாத விஷயம். ஆனால் அந்தப் பயத்தை யாரும் கையில் எடுத்து விளையாட விடாதீர்கள்.

அன்று காலையில் சுடலைமுத்து தோளில் ஒரு சுரைக்குடுக்கையை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். கோர்ட்டுச் சேவகன் டபேதார் அதை வாசலில் வைக்கச் சொல்லியிருந்தான். போகும்போது அதை எடுத்து மூடியைத் திறந்து தம்பியிடம் நீட்டினார்.

“நம்ம கெணத்துத் தண்ணிதாம்லே. குடி.”

யேசுவடியான் அண்ணாந்து குடித்தான். பாதி குடித்துவிட்டு, மீதியை அண்ணன் கையில் கொடுத்தான்.