வீட்டில குத்தின முள்ளு

மரியநாயகி நல்ல மனிசி எண்டு நான் சொல்ல மாட்டன். இப்ப அவவின்ர கதை வந்தால் எல்லாரும் "பாவம், பாவம்" எண்டு உச்சுக்கொட்டுகினம். அந்த நேரம் அவவின்ர வாய்க்குப் பயந்து ஒழுங்கை மாறி நடந்தவைதான் உவை. நானும் நடந்தனான். ஆனால் அவவின்ர கதை என்னைவிட ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. ஏனெண்டால் காயம் எழுதுற கொப்பி என்னட்டைத்தான் இருந்தது.

நெடுந்தீவில பிறந்து, ஊர்காவற்றுறைப் பக்கம் இராயப்பு எண்ட கடல்தொழிலாளியைக் கட்டி வந்தவ. தொண்ணூறில ஆமி வர ஊரே எழும்பி ஓடேக்க அவையும் ஓடிச்சினம். இராயப்பர் வன்னியில காய்ச்சல் கண்டு செத்துப்போனார். தொண்ணூற்றாறில அவ ஊருக்குத் திரும்பேக்க கையில ஒரு பெட்டைப்பிள்ளை, தலையில ஒரு சாக்கு. அவ்வளவுதான் சொத்து. வந்த அண்டைக்கே சண்டையும் தொடங்கினா. ஊர் விதானையாரோட நிவாரண அட்டைக்குச் சண்டை, சுவாமியாரோட பூசை நேரத்துக்குச் சண்டை, என்னோட கிணத்தடியில ஒரு வாளிக்குச் சண்டை. அந்த வாளி என்ரதுதான். இண்டைக்கும் சொல்லுவன்.

ரண்டாயிரத்து ரண்டில சமாதானம் எண்டு சொல்லிக் கடல் தடையைத் தளத்தின கையோட எங்கட கரையில ஒரு நண்டுக் கொம்பனி திறந்தவை. வள்ளக்காரர் கொண்டாற நண்டை அவிச்சு, உடைச்சு, சதையைக் கிள்ளி ரின்னில அடைச்சு, ஐசில வைச்சுக் கொழும்புக்கு அனுப்பிற வேலை. மேசையில முப்பத்திரண்டு பொம்பிளையள். எடுக்கிற சதைக்குக் கிலோக் கணக்கில சம்பளம். நாங்கள் ரண்டு பேர் எடுக்கிறதை மரியநாயகி தனிய எடுப்பா. அந்த விரலுகள் ஓடுற ஓட்டத்தைப் பாத்தால் வயித்தெரிச்சல் வரும். எனக்கு வந்தது. நான் மாக்கிறேற், பத்தாம் வகுப்புவரை படிச்சனான் எண்டு என்னை மேசையால எழுப்பிக் கணக்குக் கொப்பி எழுத வைச்சவை. இல்லாட்டில் அவவுக்குப் பக்கத்தில இருந்து நானும் நண்டுதான் உடைச்சிருப்பன்.

அடுத்த வருசம் ஆடி மாசம் மனேச்சர் பரராசசிங்கம் எங்களைக் கூப்பிட்டு நிப்பாட்டி வைச்சுக் கதைச்சார். அவர் வேலணைப் பக்கத்துக் காணிக்காரர், ஸ்திரி போட்ட சேட்டில ஒரு சுருக்கம் விழ விடாத மனிசன். வெளிநாட்டில நண்டு வாங்கிறவை, தொழிலாளருக்குப் பாதுகாப்பும் சுகாதாரமும் எண்டு ஒரு திட்டம் இல்லாட்டில் ஒரு ரின் கூட வாங்கமாட்டம் எண்டு சொல்லிப் போட்டினமாம். அண்டையோட சுவரில ஒரு பலகை ஏறினது: "விபத்தில்லாத நாட்கள்". கிளவுஸ் வந்தது, முதலுதவிப் பெட்டி வந்தது, என்ர கையில இன்னொரு கொப்பி வந்தது. ஆருக்கும் காயம்பட்டால் என்னட்டைச் சொல்ல வேணும். நான் எழுத வேணும். எழுதினால் அண்டைக்கே கொம்பனி வானில ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவினம், சம்பளமும் வெட்டமாட்டினம். கை கால் ஏலாமல் போனால் தராசடியில எடை போடுற வேலை, மாசச் சம்பளத்துக்கு. திட்டத்தில ஒரு பிழையும் இல்லை. எழுதினவன் நல்லாத்தான் எழுதியிருக்கிறான்.

பிழை வந்தது பரிசாலதான். ஒரு வருசம் கொப்பி வெறுமையாக் கிடந்தால் எல்லாருக்கும் சேர்த்து ஒரு பரிசு, என்ன வேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ எண்டார் மனேச்சர். சிலர் சீலை எண்டினம், சிலர் அலுமினியச் சட்டி எண்டினம். மரியநாயகி எழும்பி, "சீலை ரண்டு வருசத்தில கிழிஞ்சிடும். மாதா கோயிலுக்கு மணி கேளுங்கோ" எண்டா.

எங்கட கோயில் மணி இடப்பெயர்வில காணாமல் போனது. திரும்பி வந்த நாள் தொட்டு ஒரு இரும்புத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டுத்தான் தட்டுறவை. அவ சொன்னதும் ஒருத்தரும் மறுபேச்சுப் பேசேல்லை. அந்த ஞாயிறு முப்பத்திரண்டு பேரும் மாதாவுக்கு முன்னால மெழுகுதிரி கொளுத்தி நேர்த்தி வைச்சம், மணி வாங்கித் தாறம் எண்டு. இதுதான் நாங்கள் விட்ட விசர் வேலை. கொம்பனியின்ர பரிசைக் கொண்டுபோய் மாதாவுக்குக் கடனாக்கிப் போட்டம். அதுக்குப் பிறகு காயம் எண்டு வாய் திறக்கிறவள் கொம்பனிக்கு இல்லை, மாதாவுக்குத் துரோகி.

கிளவுஸ் ஆம்பிளையளின்ர அளவு. அதைப் போட்டால் சதைக்குள்ள கிடக்கிற ஓட்டுக் கோதுத் துண்டு விரலில தட்டுப்படாது. ஒரு துண்டு போனாலும் முழு ரின்னும் திரும்பி வரும், அந்த நாள் கூலி போச்சு. அதாலை கிளவுஸை இடுப்பில செருகிக்கொண்டு வெறுங்கையாலதான் எல்லாரும் உடைச்சவை. முள்ளுக் குத்தாத நாளே இல்லை. முதல் கிழமையில நான் ஒருத்தியின்ர பேரை எழுத, மனேச்சர் அந்த ஒற்றையைக் கிழிச்சுக் கசக்கிப்போட்டு, "நீர் உப்பிடி எழுதினால் ஒரு மாசத்தில கொப்பி முடிஞ்சிடும். முள்ளுக் குத்திறதெல்லாம் விபத்தே?" எண்டார். அண்டையோட நான் பேனை மூடியைக் கழட்டேல்லை.

அடுத்த சித்திரை, பெரிய வியாழனுக்கு முதல் நாள். பலகையில இருநூற்று அறுபத்தெட்டு. மரியநாயகி மேசையால எழும்பி நேர என்னட்டை வந்தா. இடது கைச் சுட்டுவிரலில நண்டின்ர பக்க முள்ளு ஆழமா இறங்கி முறிஞ்சு கிடந்தது.

"எழுது" எண்டா.

மேசையில நண்டு உடைக்கிற சத்தம் நிண்டுபோச்சு. "மாதாவுக்குச் சொன்ன மணியெடி" எண்டு ஒருத்தி. "மணி கேட்டதே நீதானே, இப்ப நீயே குழப்பப் போறியோ" எண்டு இன்னொருத்தி. நான் ஊசியால முள்ளைக் கிண்டி எடுத்து அயடீன் பூசினன். "சின்னக் குத்துத்தானே அக்கா, நாளைக்கு வீங்கினால் எழுதுறன்" எண்டன்.

அடுத்த நாளே வீங்கினது. வந்து விரலை நீட்டினா. பெருநாள் லீவு வருகுது, போய் ஆறுங்கோ எண்டு சொல்லி அனுப்பினன். அவவுக்குச் சீனி வருத்தம் இருக்கெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அனுப்பினனான். உயிர்த்த ஞாயிறுப் பூசைக்கு அவ வரேல்லை. திங்கள் வேலைக்கு வந்தா, காய்ச்சலில கண் சிவந்து, விரல் கறுத்துப்போய். மனேச்சர் தூரத்தில நிண்டு பாத்துப்போட்டு, "வீட்டை போய்ப் படும்" எண்டார். வான் வாசலிலதான் நிண்டது. கொப்பியில பேர் இல்லை, வான் அசையேல்லை. செவ்வாய்க்கிழமை மகள் மேரிசுகந்தி தாயைத் தாங்கிக்கொண்டு பஸ்ஸில யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போனது. "இவ்வளவு நாளும் எங்கையம்மா இருந்தனீங்கள்" எண்டு டொக்டர் ஏசினாராம். விரலை அடியோட எடுத்துப்போட்டினம்.

ஒரு மாசத்தால திரும்பி வந்தா. முந்தி எடுத்ததில கால்வாசிதான் இப்ப எடுக்க ஏலும். நேர என்னட்டை வந்தா.

"இப்பவெண்டாலும் திகதி போட்டு எழுது. தராசடி வேலையாவது கிடைக்கும். பிள்ளை உயர்தரம் எழுதி முடிக்கட்டும்."

"அண்டைக்கு எழுதாததை இண்டைக்கு எழுதினால் என்னை வேலையால நிப்பாட்டிப் போடுவினம் அக்கா."

"உன்ர கை அழுகும்" எண்டா. சத்தம் போடேல்லை, மழை வரும் எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னா.

அதுக்குப் பிறகு ஊர் அவவை விட்டு வைக்கேல்லை. மணியைக் கெடுக்கப் பாக்கிறாள் எண்டு கிணத்தடியில ஒருத்தரும் முகம் குடுக்கேல்லை. ஆரோ வேலிக்கு மேலால நண்டுக்கோது கொண்டுவந்து கொட்டினவை. கோயிலில அவ குந்தியிருந்த வாங்கில பக்கத்தில ஒருத்தரும் இருக்கேல்லை. நானும் எழும்பி முன் வாங்குக்குப் போனனான்.

ஆனிக் கடைசி. பலகையில முந்நூற்று ஐம்பத்தொண்டு. திட்டம் எப்பிடி நடக்குதெண்டு மதிப்பிட்டுப் புள்ளி போடக் கொழும்பில இருந்து அஜந்தா எண்டு ஒரு மிஸ் வாறா எண்டு மனேச்சர் சொன்னார். எல்லாரும் கிளவுஸோட இருக்க வேணும். மரியநாயகி போட்டால் ஒரு விரல் வெறுமையாத் தொங்கும். மனேச்சர் என்னைப் பாத்து, "அதை ஒருக்கா சரிப்படுத்தும்" எண்டார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சை எடுத்துக் கிளவுஸின்ர அந்த விரலுக்குள்ள நான்தான் திணிச்சனான். மரியநாயகி கையை நீட்டிக்கொண்டு என்ர முகத்தையே பாத்துக்கொண்டிருந்தா. எனக்கு அதுதான் பயமாக் கிடந்தது.

அந்த மிஸ் ஒண்டும் லேசுப்பட்டவ இல்லை. கொப்பியை முதல் ஒற்றையில இருந்து கடைசி ஒற்றை மட்டும் புரட்டினா. "ஒரு வருசமா நண்டு உடைக்கிற இடத்தில ஒரு முள்ளுக் கூடக் குத்தேல்லையோ" எண்டு கேட்டா. "எங்கட ஆக்கள் பழகின ஆக்கள் மிஸ்" எண்டார் மனேச்சர். அவ மேசையைச் சுத்தி நடந்தா. மரியநாயகிக்குப் பின்னால வந்து நிண்டா. எல்லா விரலும் மடங்குது, ஒண்டு மடங்கேல்லை. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைச்ச எங்கட கெட்டித்தனம் அவ்வளவுதான்.

"அம்மா, கிளவுஸை ஒருக்காக் கழட்டுங்கோ."

கழட்டினா. பஞ்சு விழுந்தது. மிஸ் அந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டு மனேச்சரைப் பாத்தா. அந்த மனிசனுக்குக் கண் கூட இமைக்கேல்லை. "அது இஞ்ச நடந்ததில்லை மிஸ். வீட்டில கறிக்கு நண்டு உடைக்கேக்க குத்தினது. இந்தத் தீவில நண்டு உடைக்காத வீடே?" எண்டார்.

மிஸ் என்னட்டைத் திரும்பினா. "நீங்கள்தானே பதிவு எழுதிறது? இவ உங்களட்டை வந்து சொன்னவவோ?"

ஓம் எண்டு ஒரு சொல்லு. அந்த ஒரு சொல்லில மரியநாயகிக்குத் தராசடி வேலை. எனக்கு வேலை போகும், மணி போகும், முப்பது பொம்பிளையளின்ர வாயில நான் விழுவன். எல்லாத்தையும் நான் யோசிச்சனான். யோசிக்க நேரம் இருந்தது.

"இல்லை மிஸ். வீட்டில குத்தினதெண்டுதான் கேள்விப்பட்டனான்."

மிஸ் மரியநாயகிக்குப் பக்கத்தில குனிஞ்சா. "நீங்கள் சொல்லுங்கோ அம்மா. பயப்பிடாதேங்கோ. எங்க குத்தினது?"

விதானையாரையும் சுவாமியாரையும் விட்டு வைக்காத வாய் அது. இப்ப கிழிக்கப் போறா எண்டு நான் சுவரோட ஒட்டிக்கொண்டு நிண்டன். அவ மேசையில இருந்த ஒவ்வொருத்தியையும் பாத்தா. கடைசியா என்னைப் பாத்தா.

"வீட்டிலதான் பிள்ளை" எண்டா.

மிஸ் தன்ர கடதாசியில எழுதினா. நல்ல புள்ளி வந்தது. ஆடியில பலகையில முந்நூற்று அறுபத்தைந்து போட்டம். எடுக்கிற கிலோ காணாது எண்டு மரியநாயகியை அதுக்கு முதல் கிழமையே நிப்பாட்டிப் போட்டினம். புரட்டாதித் திருநாளுக்கு மணி ஏறினது. சுவாமியார் மந்திரிச்சு, சனம் கண்ணீர் விட்டு, நல்ல சத்தமான மணி. அடுத்த திங்கள் காலமை மேசையில தாய் இருந்த இடத்தில மேரிசுகந்தி வந்து குந்தினது. பள்ளிக்கூடத்தை விட்டிட்டுதாம்.

எனக்கு அதுக்குமேல பொறுக்க ஏலேல்லை. அண்டைக்குப் பின்னேரம் அவையின்ர வீட்டுப் படலையில போய் நிண்டன். ஒரு பையில அரிசியும் கொஞ்சம் கொண்டு போனனான். மரியநாயகி வெளியில வந்தா. பையைத் திரும்பியும் பாக்கேல்லை.

"அக்கா, அண்டைக்கு ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்குமே" எண்டு கேட்டன். கேட்க எனக்கு என்ன வாய் இருக்கெண்டு நீங்கள் நினைக்கிறது தெரியும்.

"நீ இல்லையெண்டு சொன்ன பிறகு என்ர சொல்லை ஆர் நம்பப் போகினம்?" எண்டா. "நம்பினாலும் என்ன? மணியைக் கெடுத்தவள் எண்டு எல்லாரும் என்னைத் திட்டித் திட்டி உங்கட மனசைக் கழுவிப்போட்டு நிம்மதியாப் படுத்திருப்பியள். நீயும் படுத்திருப்பாய். அந்த நித்திரையை உங்களுக்கு நான் ஏன் தர வேணும்?"

சொல்லிப்போட்டுப் படலையைச் சாத்தினா.