என்ஜினுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

கொஸ்கஹ தோட்டத்தில் குமாரவேல் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று ஆள் பிடிபடாது. ரயில்காரர் என்று கேட்டால், பீலியடியில் தண்ணீர் பிடிக்க நிற்கிற சின்னப் பிள்ளைகூட மூன்றாம் லயத்தைக் கைகாட்டிவிடும். ரயில்வேக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரப்பர் ஃபெக்டரியில் ரோலர் சுற்றுவதும் புகைக்கூட்டில் ஷீட் காயப்போடுவதும்தான் அவர் ஜீவனம். ஆனால் பௌர்ணமிக்குப் போயா லீவு வந்துவிட்டால் மனிதர் வெள்ளெனக் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, ரம்புக்கனைக்கு இறங்கிவிடுவார். அங்கிருந்து கண்டிக்கு ரயில். கண்டியில் அவருக்குச் சொந்தபந்தம் கிடையாது, கோயில் நேர்த்தியும் கிடையாது. ஸ்டேஷன் வாசலில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுவார்.

“கண்டிக்குப் போயி என்னத்தப் பாத்தீங்க?” என்று மனைவி பஞ்சவர்ணம் கேட்பாள்.

“ரயில்ல போனேன்.”

“அதான், போயி?”

“போனேன், வந்தேன். வேற என்னா வேணும்?”

“என்னயக் கட்டுனதுக்கு அந்த ரயிலயே கட்டியிருக்கலாம். அதுவாச்சும் ஒங்கள ஏத்திக்கிட்டுத் திரியும்.”

ரம்புக்கனையோடு சமதரை முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு மலையேற வேண்டும். முன்னெல்லாம் சில ரயில்களுக்கு வாலில் இன்னொரு என்ஜினைப் பூட்டித் தள்ளவிடுவார்கள். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, இரண்டும் தாளம் சேராமல் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே ஏறும். அந்தச் சத்தத்தில் குமாரவேலுக்கு ஒரு கிறுக்கு. கதவோரம் நின்று, வளைவில் தன் ரயிலின் தலையைத் தானே பார்க்கிற அந்த நிமிஷத்துக்காக மாதம் முழுவதும் புகையில் கண் எரிய நிற்கலாம் என்பார்.

இந்தப் பயணத்துக்கு ஒரு முறைமையும் இருந்தது. ஃபெக்டரியில் ரோலர் அறைக்குப் பின்னால் ஒரு கல் இருக்கிறது. அதுதான் ரோதை முனி. ரோதை என்றால் சக்கரம். சக்கரம் சுற்றுகிற இடத்துக்கெல்லாம் அவர்தான் காவல். ஒரு வருஷம் புதிதாக வந்த துரை, பூசைக்கெல்லாம் மெஷினை நிறுத்த முடியாது என்று சொல்லப்போய், அந்த மாதமே ரோலரில் நின்ற ஐயாவுவின் இரண்டு விரலை ரோலர் இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு துரையே முன்னால் நின்று சேவல் வாங்கிக் கொடுத்தார். ஒரு ரோலருக்கே முனி உண்டென்றால், இத்தனை ரோதை பூட்டிய ரயிலுக்கு இல்லாமல் போகுமா? குமாரவேல் ரயிலேறுமுன் பிளாட்ஃபார நுனிக்கு நடந்து, என்ஜினின் முதல் சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார். ரயில் அதை நசுக்கிக்கொண்டு கிளம்பினால் மனம் நிம்மதியாகிவிடும். ரம்புக்கனை ஸ்டேஷனில் போர்ட்டரிலிருந்து கார்ட் வரைக்கும் இது பழகிப்போன காட்சி.

2008ஆம் ஆண்டில்தான் அந்த நிம்மதி கெட்டது. அவருடைய மகன் ஜனகன் அப்போது கொழும்பில் கெம்பஸில் படித்துக்கொண்டிருந்தான். கொஸ்கஹ தோட்டத்திலிருந்து கெம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள். சின்ன வயதில் காமன் கூத்துக்குத் தப்படித்த கை, அங்கே போய் டிரம்ஸ் குச்சியைப் பிடித்துக்கொண்டது. கூடப் படிக்கிற சிங்களப் பையன்களோடு சேர்ந்து ஒரு ரொக் பேண்ட் வைத்திருந்தான். அந்த வருஷம் பஸ்ஸில் குண்டு, ரயிலில் குண்டு என்று ரேடியோவைத் திறக்கவே பயமாயிருந்தது. கொழும்பில் தமிழ்ப் பையன்களை அறை அறையாகச் சோதிக்கிறார்கள், சந்தேகம் வந்தால் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று கேள்வி. கெம்பஸ் லீவு விட்டும் ஜனகன் வீட்டுக்கு வரவில்லை. சனிக்கிழமை பின்னேரம் ஒரு பெரிய ஷோ இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று கடைக்குப் போன் பண்ணியிருந்தான்.

பஞ்சவர்ணத்துக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

“நீங்கதான் ரயிலு ரயிலுன்னு அலைவீங்களே. போங்க. கச்சேரி முடிஞ்ச கையோட புள்ளயக் கூட்டிக்கிட்டு வாங்க. அவன் இல்லாம இந்த வாசப்படி மிதிக்காதீங்க, சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டு இரண்டு எலுமிச்சம்பழத்தை அவர் கையில் கொடுத்தாள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. கண்பட்டுவிடக் கூடாது என்று இரண்டிலும் சிவப்பு நூல் சுற்றியிருந்தாள்.

ரம்புக்கனை ஸ்டேஷன் வாசலில் டீக்கடை ஸம்சுதீன் பிடித்துக்கொண்டார். “என்ன குமாரவேல் அண்ணன், இண்டைக்கி என்ஜினுக்கு ரெண்டு வேளைச் சாப்பாடா?”

“ஒண்ணு போறதுக்கு, ஒண்ணு வாறதுக்கு.”

“எங்க, கண்டிக்கா?”

“கொழும்புக்கு.”

ஸம்சுதீனின் சிரிப்பு நின்றுவிட்டது. “அண்ணன், இங்க நம்மள தெரியும். கொழும்புக் கோட்டை ஸ்டேஷன்ல இந்த வேல வெச்சுக்காதீங்க. காலம் சரியில்ல.”

குமாரவேல் தலையாட்டினார். இங்கே வைக்க வேண்டிய பழத்தை வைத்துவிட்டு ஏறினார். ஆனால் அன்றைக்குக் கதவோரம் நிற்கவில்லை. மகனுக்கென்று கொண்டுபோன முறுக்குப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் யாராவது எழுந்து, இந்தப் பை யாருடையது, அந்தப் பார்சல் யாருடையது என்று கேட்டார்கள். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். எதிரே இருந்த அம்மாள் இவருடைய பையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் முறுக்கை எடுத்துக் காட்டி, தன் ஊர்ப்பக்கத்துக் கேகாலைச் சிங்களத்தில் நாலு வார்த்தை பேசி, அவளுக்கும் ஒன்று கொடுத்தார். வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, ரயில் எப்போது நிற்கும் என்றிருந்தது அவருக்கு.

ஷோ நடக்கிற மைதானத்துக்குள் போக இரண்டு இடத்தில் தடவிச் சோதித்தார்கள். எலுமிச்சம்பழத்தை ஒரு சிப்பாய் உருட்டிப் பார்த்து, “தலைசுற்றா?” என்று சிங்களத்தில் கேட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஆமாம் என்று சொல்லித் தப்பினார். உள்ளே கறுப்புச் சட்டையும் நீண்ட முடியுமாகப் பையன்கள் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். வேட்டி கட்டி, நெற்றியில் திருநீற்றோடு நின்றவர் அவர் ஒருவர்தான். அதை நினைத்ததும் தோள்துண்டால் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

பேண்ட் மேடையேறியது. பாட்டுக்காரன் சமிந்த கத்திய கத்தலில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கித்தார் நெஞ்செலும்புக்குள் புகுந்து அதிர்ந்தது. திடீரென்று மேடையில் குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பியபோது, “ஐயோ, நெருப்பு!” என்று பக்கத்துப் பையனின் கையைப் பிடித்துவிட்டார். இத்தனை வருஷம் புகைக்கூட்டில் நின்ற மனிதர்! அந்தப் பையன் சிரித்துக்கொண்டே, “மெஷின் புகை, மாமா,” என்றான். பிறகு தண்ணீர் போத்தலை நீட்டினான்.

புகை விலகியதும் பின்னால் ஜனகன் தெரிந்தான். குனிந்த தலை, பறக்கிற கை. கித்தார் ஒரு பக்கம் இழுக்க, டிரம்ஸ் பின்னாலிருந்து தள்ள, இரண்டும் முட்டிக்கொண்டும் பிரியாமலும் மேலே மேலே ஏறின. குமாரவேலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்தப் பயல் இதை எங்கே கேட்டான்? ராத்திரி ரயில் மலையேறுகிற சத்தத்தை மூன்றாம் லயத்தில், தன் பக்கத்தில் படுத்துக்கொண்டு அல்லவா கேட்டிருக்கிறான்! ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், பயம் மறந்து நின்றார். உடனே இன்னொரு பயம் வந்தது. இத்தனை பேர் கண்ணும் இப்போது அவன் மேல் இருக்கிறதே.

ஷோ முடிந்து மகனோடு கோட்டை ஸ்டேஷனுக்கு வரும்போது இருட்டிவிட்டது. கம்பஹாவுக்குப் போகிற சமிந்தவும் கூட வந்தான். ரயில் தயாராக நின்றது. மகன் பக்கத்தில், டிக்கெட் கையில், ஏறி உட்கார வேண்டியதுதான் பாக்கி. ஆனால் குமாரவேலுக்குக் கால் பெட்டியில் ஏறவில்லை. வரும்போது எதிரே இருந்த அம்மாளின் பார்வையும், ரேடியோ செய்தியும், மேடையில் அத்தனை கண்ணும் ஒன்றாகக் கூடி நெஞ்சில் ஏறிக்கொண்டன. முனிக்குச் சொல்லாமல் இந்தப் பிள்ளையை ஏற்றுவதா?

“நீங்க ரெண்டு பேரும் ஏறுங்க. இந்தா வந்துட்டேன்.”

ஸம்சுதீன் சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. ஒரு நொடி வேலைதானே என்று பிளாட்ஃபார நுனியின் சரிவில் இறங்கி, என்ஜின் சக்கரத்துக்கு முன்னால் குந்தினார். பழத்தை வைத்தார். கும்பிட்ட கை பிரியவில்லை, முதுகில் டோர்ச் வெளிச்சம் விழுந்தது.

“கவுத ஒதன?”

யாரங்கே என்ற அந்தக் கேள்வியோடு துப்பாக்கியின் பூட்டை இழுக்கிற சத்தமும் கேட்டது. கையை உயர்த்திக்கொண்டு எழுந்தார். தண்டவாளத்தில் உருண்டையாக ஒன்று. அதிலிருந்து தொங்கும் சிவப்பு நூல். டோர்ச் வெளிச்சத்தில் அவருக்கே அது வயர்போலத்தான் தெரிந்தது. விசில் பறந்தது. முன் பெட்டியிலிருந்து ஆட்கள் குதித்து ஓடினார்கள். ஓடுகிறவர்களுக்கு எதிராக ஜனகன் ஓடி வந்தான். அவனையும் சமிந்தவையும் ஒரு சிப்பாய் மறித்து நிறுத்தினான்.

“எலுமிச்சம்பழம், மாத்தயா,” என்றார் குமாரவேல்.

“அப்படியென்றால் நீயே எடு,” என்றார் டோர்ச் பிடித்திருந்த சார்ஜன்ட், தூரத்தில் நின்றபடி.

குனிந்தார். பழம்தானே, பஞ்சவர்ணம் கொடுத்ததுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருந்தும் விரல் பட்டபோது கண்ணை மூடிக்கொண்டார். எடுத்துக்கொண்டு மேலே வந்ததும் சுற்றியிருந்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

என்ஜின் ஜன்னலிலிருந்து டிரைவர் தலையை நீட்டினார். “இந்த ஆளை எனக்குத் தெரியும், சார். ரம்புக்கனையில் போயாவுக்குப் போயா பழம் வைக்கிற ஆள்.”

உதவிக்குச் சொன்ன வார்த்தை உபத்திரவமாகிவிட்டது. சார்ஜன்டின் முகம் இன்னும் இறுகியது. “போயாவுக்குப் போயா ரயிலில் எங்கே போகிறாய்?”

“கண்டிக்கு.”

“கண்டியில் யார் இருக்கிறார்கள்?”

“யாரும் இல்லை.”

“என்ன வேலை?”

“சும்மா.”

“இந்தக் காலத்தில் சும்மா யாராவது ரயிலில் சுற்றுவார்களா?”

ரோதை முனியைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? இத்தனை வருஷத்து ஆசையை இந்த மனிதரிடம் என்னவென்று விளக்குவது? இதற்குள் சிப்பாய் ஜனகனின் அடையாள அட்டையை வாங்கிச் சார்ஜன்டிடம் கொடுத்தான். பெயரைப் பார்த்தவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிள்ளையைக் காக்க வந்து, தானே அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டோமே!

அப்போது ஜனகன் சிரித்தான். எங்கிருந்து வந்ததோ அந்தச் சிரிப்பு. விரலால் நெற்றிப்பொட்டைத் தட்டி, “அப்பாவுக்குக் கொஞ்சம் பிஸ்ஸு, சார்,” என்றான். “ரயில் என்றால் பைத்தியம். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.”

“ஆமாம், சார்,” என்றான் சமிந்த. “இவன் எங்கள் டிரம்மர். காலையிலிருந்து எங்களோடுதான் இருந்தான்.”

சார்ஜன்ட் குமாரவேலைப் பார்த்தார். குமாரவேல் மகனைப் பார்த்தார். சிரிக்கிற அந்த உதட்டின் ஓரம் துடித்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் அவருக்கு என்ன செய்ய வேண்டுமென்று விளங்கிவிட்டது. கையிலிருந்த பழத்தை அப்படியே வாயில் வைத்துக் கடித்தார். தோலோடு, நூலோடு, தண்டவாளத்து எண்ணெய்ப் பிசுக்கோடு. சாறு தாடையில் வழிந்தது. பைத்தியக்காரனைப்போல இளித்துக்கொண்டு மென்றார்.

ஒரு சிப்பாய் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. அட்டையை அதிக நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு திருப்பிக் கொடுத்து, “ஏற்றிக்கொண்டு போ. இனிமேல் இந்த ஆளைத் தனியே விடாதே,” என்றார் ஜனகனிடம்.

ரயில் கிளம்பியது. சமிந்த கம்பஹாவில் இறங்கிக்கொண்டான்.

“மன்னிச்சிருங்கப்பா.”

“எதுக்குடா?”

“பிஸ்ஸுன்னு சொன்னதுக்கு.”

“ஒங்கம்மா தெனம் சொல்றதுதானே.”

ஜனகன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கொஞ்சம் பொறுத்து, “அப்பா, இனிமே நீங்க கொழும்புக்கு வராதீங்க. நானே வந்துருவேன்,” என்றான்.

அவர் சரி என்றார். வேறென்ன சொல்ல? மகன் இந்தப் பாதையில் தனியே வருவான், தனியே போவான். தான் புகைக்கூட்டில் நின்றுகொண்டு ரயில் சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டியதுதான். ஜன்னலுக்கு வெளியே எந்த ஸ்டேஷன் போகிறது என்றுகூட அவர் பார்க்கவில்லை.

ரம்புக்கனையில் இறங்கி என்ஜினைத் தாண்டும்போது, இரண்டு கையாலும் மகனின் பையை முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தார். கையில் என்ன இருக்கிறதென்று பார்க்கிற எல்லோருக்கும் தெரிய வேண்டுமே.

லயத்து வாசலில் பஞ்சவர்ணம் விளக்கோடு நின்றிருந்தாள். “வந்துட்டீங்களா? புள்ளயக் கூட்டியாந்துட்டீங்களா?”

“நான் எங்க கூட்டியாந்தேன்? அவந்தான் என்னயக் கூட்டியாந்தான்.”

அவளுக்கு விளங்கவில்லை. மகனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு இருவருக்கும் சோறு போட்டாள். குமாரவேல் ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்திவிட்டார்.

“ஏன், கறி நல்லால்லியா?”

“பல்லு கூசுது,” என்றார்.