சேராத பூ

அண்ணி தூக்க மாத்திரை அட்டையை என்னிடம் காட்டியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டதாம். மேலே கையைக் காட்டி ஓயாமல் எதையோ உளறுகிறாளாம். மாத்திரையில் சரியாகாவிட்டால் மனநல டாக்டரிடம் காட்டப் போவதாக அண்ணன் முடிவே செய்துவிட்டான்.

இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அம்மா வேங்கிக்கால் ஊரில் இருக்கும் அண்ணனின் புது வீட்டில் கிடக்கிறாள். வாடகைக்கு எடுத்த சக்கரக் கட்டிலில் மல்லாந்துதான் படுக்க முடியும். என்ன உளறுகிறாள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கேட்டிருந்தால்தானே தெரியும்?

நான் அம்மாவிடமே கேட்டேன்.

"அந்தப் பூவு சேரலடி. பாதி பூவு எலையில போயி முட்டிக்கினு நிக்குது."

கீழ்பென்னாத்தூரிலிருந்து வாராவாரம் பஸ் ஏறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, பேசிவிட்டுப் போகிறவள் நான். அன்றைக்குத்தான் கட்டிலின் விளிம்பில் ஒடுங்கி, அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்து மேலே பார்த்தேன்.

ஃபால்ஸ் சீலிங் முழுக்கப் பூவும் கொடியும். பலகை பலகையாக ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பலகையின் பாதிப் பூ அடுத்த பலகையின் பாதிப் பூவோடு சேர வேண்டும். கால்மாட்டைத் தாண்டி ஒரு பலகையை மட்டும் திருப்பி ஒட்டிவிட்டார்கள். வாசலில் நின்று பார்த்தால் தெரியாது. கிரகப்பிரவேசத்தன்று எல்லோரும் வாசலில் நின்றுதான் அண்ணாந்து பார்த்தோம். பிரமாதம் என்று நானும் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரே பூ திரும்பத் திரும்ப வரும்போது, அடுத்து என்ன வரும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததும் கண் ஓய்ந்துவிடும். ஓர் இடத்தில் தப்பினால் போதும், பல் விழுந்த இடத்துக்கே நாக்கு போவதுபோல் அங்கேயே போய் நிற்கும். நான் படுத்திருந்தது பத்து நிமிடம். அதற்குள் எனக்கே எரிச்சல் தாங்கவில்லை. அம்மா இரண்டு மாதமாகப் படுத்திருக்கிறாள்.

அதிலும் அவள் ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்தவள். பக்கத் தையலில் பூவோடு பூ சேராவிட்டால் பிரித்துவிடுவாள். அக்குளுக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்ட பெண்களிடம் துணியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்குத்தான் புத்தி கலங்கிவிட்டதாம்.

எழுந்து சக்கரத்தின் பூட்டை விடுவித்து, கட்டிலை அப்படியே தலைமாடு கால்மாடாகத் திருப்பினேன். அந்தப் பலகை அம்மாவின் தலைக்குப் பின்னால் போய்விட்டது. கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தவள் மாத்திரை இல்லாமலே தூங்கினாள்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அண்ணன் கட்டிலைப் பார்த்ததும் குதித்தான். மாத்திரை கொடுத்தபோது வராத பதற்றம் இப்போது வந்தது.

"வடக்க தல வெச்சு யாராச்சும் படுக்க வெப்பாங்களா? பாக்கறவங்க என்னா நெனப்பாங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நல்லதாக எதுவும் வந்திருக்காது. சத்தத்தில் விழித்துக்கொண்ட அம்மா முந்திக்கொண்டாள்.

"வடக்கு என் கண்ணுக்குத் தெரியலப்பா. அந்தப் பூவுதான் தெரிஞ்சுது."

அண்ணன் அப்போதுதான் முதல்முறையாக, அம்மா எதைச் சொல்கிறாள் என்று நிமிர்ந்து பார்த்தான். நின்றுகொண்டே பார்த்தான். படுத்துப் பார் என்றேன்.