வெயில் பட்ட பாட்டில்

கேஸ் அடுப்பு ரிப்பேர்காரருக்கு அந்தத் தெருக்களில் இன்னொரு பெயர், மூக்கர். மூக்கு ஒன்றும் பெரியதில்லை. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பின்பக்க பர்னர் கசியுதும்மா, முதல்ல சன்னலைத் திறங்க" என்று சொல்லிவிடுவார். போய்ப் பார்த்தால் பின்பக்க பர்னர்தான். பிறகு சோப்பு நுரையை இணைப்புகளில் தடவி, குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து முறையாகத்தான் சரிசெய்வார். யார் நுரையைப் பார்த்தார்கள்? எல்லோருக்கும் அந்த வாசல் வித்தைதான் பிடித்திருந்தது. அதனால்தான் அவரையே தேடிக் கூப்பிட்டார்கள்.

அந்த மூக்குக்கு வாரம் ஒருநாள் விருந்து. சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு பாட்டில் பீர். அவரும் மச்சினனும் ஆளுக்குப் பாதி. மச்சினன் அச்சகத்தில் வேலை செய்பவன், அக்காள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தான். ஒரு பாட்டிலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று மனைவி கேலி செய்வாள். ஆர்ப்பாட்டம் என்றால் சாதாரண ஆர்ப்பாட்டமில்லை. பழுப்புக் கண்ணாடிதான் வேண்டும். பச்சையிலும் வெள்ளையிலும் வெளிச்சம் புகுந்து பீரைக் கெடுத்துவிடும். மூடியில் துரு கூடாது. தேதி கிட்டத்தில் இருக்க வேண்டும். கடையில் ட்யூப்லைட்டுக்குக் கீழே நிற்கிற பாட்டிலை யார் தலையிலாவது கட்டட்டும், தனக்கு உள்ளே இருட்டில் அட்டைப்பெட்டியில் இருப்பதுதான் வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில்கூட வெயில் படாமல் செய்தித்தாளில் சுற்றித் தரவேண்டும். ஊற்றுவதற்கு முன் கிளாஸை முகர்ந்து, சோப்பு வாசம் இருந்தால் மறுபடி கழுவச் சொல்வார். "பாட்டிலைப் பொண்ணு பாக்கப் போனாரா?" என்று மனைவி தம்பியிடம் கேட்பாள்.

கடைக்காரர் பள்ளிக்கூடத்தில் மூக்கரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். இத்தனை சட்டதிட்டங்களையும் பொறுத்துக்கொண்டவர். செய்தித்தாள் சுற்றும் பழக்கத்தை மூக்கர் சொல்லித்தான் கற்றுக்கொண்டார்.

பிறகு அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்து எழுந்தபோது மூக்கு மட்டும் எழுந்திருக்கவில்லை. சோப்பை முகர்ந்தார், மண்ணெண்ணெயை முகர்ந்தார், கடைசியில் தன் பழைய சட்டையை முகர்ந்தார். ஒன்றுமில்லை. டாக்டர், "வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்று கையை விரித்துவிட்டார். வேலை செய்ய நுரை போதும், அதில் ஆபத்தில்லை. ஆனால் மோப்பம் போன அடுப்புக்காரனை யார் கூப்பிடுவார்கள்? மனைவியிடம் சொல்லவில்லை. அவள் வாயில் எதுவும் தங்காது என்று அவரே முடிவு செய்துகொண்டார். மனத்தில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒரு சனிக்கிழமை, கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், கல்லாவுக்கு எதிரில் நின்றபடி கடைக்காரரிடம் மட்டும் சொன்னார்.

கடைக்காரர் எழுந்து வந்து தோளில் கை போட்டார். "எங்கிட்ட சொன்னது கிணத்துல போட்ட கல்லு. நீ அலைய வேணாம்டா, வந்து நில்லு, நானே பாத்து எடுத்து, சுத்தித் தர்றேன். உன் வாய்க்கு எது சரின்னு எனக்குத் தெரியாதா?"

அந்தக் கை எவ்வளவு ஆறுதலாக இருந்தது! அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் சுற்றிய பாட்டில் தயாராக இருக்கும். மூக்கர் வாங்கிக்கொண்டு நடப்பார். நாக்கில் கசப்பும் நுரையின் சுறுசுறுப்பும் மட்டும் தெரியும். மற்றதை ஞாபகத்திலிருந்து நிரப்பிக்கொண்டு, "அடடா" என்பார். மச்சினனும் தலையாட்டுவான். ஒருமுறை லேபிள் வெளிறியிருந்ததைக் கவனித்துக் கேட்டதற்கு, கம்பெனி லேபிளை மாற்றிவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். ஊரில் எவன் சொன்னாலும் நம்பாத மனுஷன், அதை அப்படியே விழுங்கினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, மூடியைத் திறந்ததும் மனைவி சமையலறையிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "என்ன கர்மம் இது? ரப்பர் கருகின மாதிரி நாறுது!"

மூக்கர் ஒரு வாய் குடித்துவிட்டு, "உனக்கென்ன தெரியும், நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மச்சினன் கிளாஸைக் கீழே வைத்தான். "மாமா, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு மாசமாவே இப்படித்தான் இருக்கு."

"ரெண்டு மாசமாவா? ஏன்டா சொல்லல?"

"நீங்க 'அடடா'ங்கறீங்க. உங்க மூக்குக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போவுது? இப்பல்லாம் பீரு இப்படித்தான் வருதுபோலன்னு நானும் கண்ணை மூடிட்டுக் குடிச்சேன்."

அவள் சிரித்தாள். மூக்கர் சிரிக்கவில்லை. லேபிள் மாறிவிட்டது, அதோடு சரக்கும் மாறியிருக்கும் என்று மென்று விழுங்கினார். மச்சினன் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மை விஷயத்தில் அவன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "லேபிள் மாறல மாமா. இந்தப் பக்கம் பாருங்க, சிவப்பு அப்படியே இருக்கு. அந்தப் பக்கம் மட்டும் வெளுத்திருக்கு. நாள்கணக்கா ஒரே பக்கமா வெயில் குடிச்ச காகிதம் இது."

நாள்கணக்காக வெயில் விழுகிற இடம் அந்தக் கடையில் ஒன்றே ஒன்றுதான்; தெருவைப் பார்த்த கண்ணாடிச் சன்னல். அங்கே அழகுக்கு அடுக்கிவைத்த பாட்டில்களை யாரும் வாங்கமாட்டார்கள். வாங்கக்கூடாது என்று தெருவுக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

சே, இருக்காது, அவன் அப்படிப்பட்டவனில்லை என்று வாரம் முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை வழக்கத்தைவிடச் சீக்கிரமே போய், எதிரே சைக்கிள் கடை நிழலில் நின்றார். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து சன்னல் பக்கம் போனார். வெயிலில் நின்ற வரிசையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, சட்டை நுனியால் தூசியைத் துடைத்தார். பிறகு செய்தித்தாளை விரித்து, பச்சைக் குழந்தையைச் சுற்றுவதுபோல் அக்கறையாகச் சுற்றினார். அந்த அக்கறையைப் பார்த்த பிறகுதான் மூக்கர் நிழலை விட்டு இறங்கித் தெருவைக் கடந்தார்.

உள்ளே போனபோது கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். கடைக்காரர் பாட்டிலை நீட்டினார். மூக்கர் வாங்கவில்லை.

"சன்னல்லேருந்து எடுத்ததைப் பாத்தேன்டா."

கடைக்காரர் முகம் ஒரு கணம் வெளுத்து, உடனே சரியாகிவிட்டது. அவரை ஓரமாக இழுத்துக் குரலைத் தாழ்த்தினார். "கொட்டறதுக்கு மனசு வரல. உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதேடா? தெரியாதவனுக்கு எதைக் கொடுத்தா என்ன? நல்லதைத் தெரிஞ்சவன் குடிக்கட்டுமேன்னு நெனச்சேன்."

"உன்னை நம்பித்தானேடா சொன்னேன். பொண்டாட்டிகிட்டகூட சொல்லாம உன்கிட்ட வந்து சொன்னேன்."

"நானும் யார்கிட்டயும் மூச்சு விடலையே?" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் நின்றிருந்த ஆட்கள் பக்கம் பார்த்தார். அவர்களில் இரண்டு பேர் வீட்டு அடுப்பு மூக்கர் கைபட்டது.

சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் முதலில் வெளியே வருவது தன் ரகசியம்தான். தானே கயிறு கொடுத்துக் கட்டிக்கொண்டதை என்ன சொல்ல? வெறுங்கையோடு திரும்பினார். துரோகம் என்ற சொல்லை நினைத்தார். அது பெரிய மனிதர்களுக்கு நடப்பது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். நாறிய பீர் போகட்டும். தோளில் விழுந்த அந்தக் கை? அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, மனைவியை உட்காரச் சொல்லி, காய்ச்சலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் கடைக்காரனைக் கரித்துக் கொட்டுவாள், அதைக் கேட்டால் மனசு கொஞ்சம் ஆறும் என்று எதிர்பார்த்தார்.

அவள் கடைக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அந்த ஆள்கிட்ட சொல்லியிருக்கீங்க."

"ஆமா, அவன்தான்..."

"என்கிட்ட சொல்லல." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "தினமும் உள்ள வரும்போதே இன்னிக்கு என்ன சமையல்னு கரெக்டா சொல்லுவீங்க. திடீர்னு நிறுத்திட்டீங்க. எம்மேல சலிச்சுப்போச்சு போலன்னு நெனச்சேன். இந்த ரெண்டு மாசமா நான் எப்படிச் சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றியதில்லை. அவள் எழுந்து சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். சட்டியில் எதையோ போட்டாள், சத்தம் கேட்டது. மூக்கர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே என்ன சமைக்கிறாள் என்று கேட்க நாக்கு எழவில்லை.